கொள்முதல் துறையினருக்கு ஒரு திறந்த மடல்: நொடி எண்ணும் கடிகாரம் நாளையும் எண்ணட்டும்

பெரிய நிறுவனங்களில் கொள்முதல் பொறுப்பு வகிக்கும் மேலாளர்களுக்கும், அங்கே இயங்கும் இணையவழிக் கொள்முதல் அமைப்புகளுக்கு விதி வகுக்கும் நிதித் துறையினருக்கும்,



பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசிக்கொள்ளும். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. யார் கையை யார் பிடித்திருக்கிறார் என்பது மட்டும் சந்தைக்கே தெரியும். உங்கள் அலுவலகங்களில் நடக்கும் சந்தை இதை அப்படியே திருப்பிப் போட்டது. திரையில் விலை பளிச்சென்று தெரிகிறது. கைதான் தெரிவதில்லை.

அந்தக் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கோவை கணபதியில் பத்துப் பேர் வேலை செய்யும் சி.என்.சி. பட்டறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காலை 11 மணிக்கு ரிவர்ஸ் ஆக்‌ஷன். முதலாளி அன்று மெஷின் பக்கம் போகவில்லை. கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பீஸுக்கு 200 ரூபாயில் ஏலம் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு ரூபாயாவது இறங்க வேண்டும். போட்டியாளர்கள் யார், எத்தனை பேர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தன் இடம் எல்-1-ஆ (மிகக் குறைந்த விலை), எல்-3-ஆ என்பது மட்டும் தெரிகிறது. மூலையில் கடிகாரம் நொடிகளை எண்ணி இறங்குகிறது. முடியப்போகும் நேரத்தில் யாரோ ஒருவர் ஒரு ரூபாய் குறைக்கிறார், ஏலம் இன்னும் ஐந்து நிமிடம் நீள்கிறது. 192, 190, 187. இரும்பு என்ன விலை, ஹீட் ட்ரீட்மென்டுக்கு என்ன ஆகும், மின்கட்டணம் எவ்வளவு என்று காலையில் காகிதத்தில் போட்ட கணக்கு 188-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் விரல் 184-ஐத் தட்டுகிறது. மெஷின் சும்மா நின்றால் வங்கித் தவணையை யார் கட்டுவது?

அந்த நான்கு ரூபாயை உங்கள் மாதாந்திர அறிக்கை ‘சேமிப்பு’ என்று எழுதும். அது எங்கிருந்து வந்தது என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

இந்த ஏற்பாடு நம் ஊரில் பிறந்ததன்று. ஜெனரல் எலக்ட்ரிக்கில் பணியாற்றிய கிளென் மீக்கம், 1995-இல் கூட்டாளி ஒருவருடன் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஃப்ரீமார்க்கெட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வாங்குபவர் ஒருவர், விற்பவர் பலர், விலை ஏறாமல் இறங்கும் ஏலம்: இதுதான் அவர்கள் விற்ற சரக்கு. 1999 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது, 48 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாள் மாலையிலேயே 280 டாலரில் முடிந்தது. அந்தக் காலத்தில் வண்டித் தொழிலின் பெருந்தலைகளும் களத்தில் இறங்கின. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, டெய்ம்லர்கிரைஸ்லர் மூன்றும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டு கோவிசின்ட் என்ற பொது இணையச் சந்தையை அறிவித்தன. உலகத்தின் வண்டி உதிரிபாகங்களெல்லாம் ஒரே திரைக்குள் வந்துவிடும் என்று பேசப்பட்டது.

வரவில்லை. விலையை மட்டுமே கேட்கும் திரைக்குள் நுழைய உதிரிபாகம் செய்பவர்கள் தயங்கினார்கள். நான்கே ஆண்டுகளில் கோவிசின்டின் ஏலப் பிரிவு ஃப்ரீமார்க்கெட்ஸிடம் போனது, மீதி கம்ப்யூவேரிடம் போனது. 2004-இல் ஃப்ரீமார்க்கெட்ஸையே அரிபா வாங்கியது. 2012-இல் அரிபாவை 400 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து எஸ்.ஏ.பி. வாங்கியது. நிறுவனங்கள் கைமாறினாலும் அந்த ஏல முறை சாகவில்லை. இன்று ஒசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உங்கள் திரைகளில் ஓடும் கடிகாரத்துக்கு மூதாதை அதுதான்.

இணையவழிக் கொள்முதலே வேண்டாம் என்பது இம்மடலின் வாதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய முறையைக் கண்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கோட்டேஷன் உறையை வேளைக்கு முன்பே யார் பிரித்தார், பர்ச்சேஸ் மேனேஜரின் மைத்துனர் யார், தீபாவளிக்கு யார் வீட்டுக்கு எத்தனை பெட்டி போனது என்று விசாரித்த பிறகே தொழில் செய்ய வேண்டியிருந்த காலம் அது. ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவு கூடாது என்று தமிழ்நாடு 1998-லேயே சட்டம் இயற்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கோப்பில் தேதியை மாற்றி எழுதலாம். ஒழுங்காக அமைத்த கணினிப் பதிவில் அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது. காகிதம், கையுறை, போல்ட்டு, பேரிங் போன்றவற்றைப் பட்டியலில் பார்த்து அழுத்தி வாங்குவதில் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம். முகம் தெரியாத புதிய சப்ளையர் உள்ளே நுழையவும் அதில் ஒரு கதவு இருக்கிறது.

மத்திய அரசின் ஜெம் என்ற இணையக் கொள்முதல் தளத்தையே பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட பழைய அரசுக் கொள்முதல் இயக்ககத்தின் இடத்தில் அது 2016 ஆகஸ்டில் தொடங்கியது. அந்த இயக்ககம் 2017 அக்டோபருடன் மூடப்பட்டது. 2023-24 நிதியாண்டில் ஜெம் வழியே நடந்த கொள்முதல் 4 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அங்கும் தலைகீழ் ஏலம் உண்டு, எல்-1 உண்டு. ஆனால் அங்கே எழுதிவைத்த இரண்டு விதிகளைத் தனியார் கொள்முதலில் பெரும்பாலும் காண முடிவதில்லை. ஒன்று, சிறு நிறுவனத்தின் விலை எல்-1-ஐவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், எல்-1 விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கைச் செய்துதர அதற்கு வாய்ப்புத் தரப்படும். குறு, சிறு நிறுவனங்களிடம் 25 சதவீதம் வாங்க வேண்டும் என்ற மத்திய அரசின் கொள்முதல் கொள்கையிலிருந்து வந்த விதி இது. மற்றது, சரக்கைப் பெற்றவர் பத்து நாளுக்குள் ஏற்புச் சான்று தர வேண்டும்; சான்று வந்த பத்து நாளுக்குள் பணம் போக வேண்டும். எல்லா அரசு அலுவலகங்களும் இதைத் தவறாமல் கடைப்பிடிக்கின்றன என்று யாரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் பணம் தருவதற்கும் அங்கே ஒரு கடிகாரம் மாட்டப்பட்டிருக்கிறது.

திரையில் தெரியாதவை எப்போது வெளியே வரும் என்பதற்கு வண்டித் தொழிலின் வரலாற்றிலிருந்தே இரண்டு நிகழ்ச்சிகள்.

1992-இல் ஜெனரல் மோட்டார்ஸின் உலகளாவிய கொள்முதலுக்குத் தலைவராக வந்தார் ஹோசே இக்னாசியோ லோபஸ். இருந்த ஒப்பந்தங்களை மறுபடி திறந்தார். சப்ளையர்களைச் சுற்றுச் சுற்றாக விலை குறைக்க வைத்தார். கம்பெனிக்குப் பெரும் பணம் மிஞ்சியது. அடுத்த ஆண்டே அவர் ஃபோக்ஸ்வாகனுக்குப் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற மனக்கசப்பு போகவில்லை. புதிய யோசனை கையில் வந்தால் அதை முதலில் வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகும் மனநிலைக்கு சப்ளையர்கள் வந்தார்கள் என்று அந்தத் தொழிலைக் கவனித்தவர்கள் பல ஆண்டுகள் எழுதினார்கள். கணினிக் கடிகாரம் வருவதற்கு முன்பே நடந்த கதை இது. கணினி வந்து அதை எல்லா ஊருக்கும் மலிவாக்கியது.

1997 பிப்ரவரி 1-ஆம் தேதி, சனிக்கிழமை. ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று தீப்பிடித்து எரிந்தது. டொயோட்டா வண்டிகளின் பின்சக்கர பிரேக்கில் பொருத்தும் ஒரு சின்ன வால்வு, ஏறக்குறைய மொத்தமும் அந்த ஓர் ஆலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்பு மிகக் குறைவு. சில நாட்களில் டொயோட்டாவின் ஆலைகள் நின்றன. அப்போது இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அந்த வால்வைச் செய்துதர முன்வந்தன. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனியும் அவற்றில் ஒன்று. பீஸுக்கு என்ன விலை என்று கேட்டுக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. முதலில் வரைபடத்தை வாங்கிக்கொண்டு மெஷினை ஓட்டினார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் உற்பத்தி பழைய நிலைக்கு வந்தது. பிறகு டொயோட்டா தன் நேரடி சப்ளையர்களுக்கு, அந்தக் காலாண்டில் அவர்கள் தனக்கு விற்ற தொகையில் ஒரு சதவீதத்தை நன்றியாகக் கொடுத்தது.

உங்கள் லைன் நின்றுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில், எல்-4-ஆக நின்று தோற்றவர் போனை எடுப்பாரா?

இனி இம்மடலின் முக்கியமான விஷயம். ஏல நேரத்தில் நொடியைக்கூட விடாமல் எண்ணும் உங்கள் அமைப்பு, சரக்கு கேட்டைத் தாண்டி உள்ளே வந்த பிறகு நாட்களை எண்ண மறந்துவிடுகிறது.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. அந்த நாட்கள் எந்த நாளிலிருந்து தொடங்கும் என்பதுதான் பலரும் கவனிக்காத இடம். சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால், சரக்கு வந்து இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். சட்டத்தின் கடிகாரம் கேட்டில் ஓடத் தொடங்குகிறது. உங்கள் போர்ட்டலின் கடிகாரமோ அக்கவுண்ட்ஸ் மேஜையில் பில் பதிவான பிறகுதான் ஓடத் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணபதிப் பட்டறை ஏப்ரல் 1-ஆம் தேதி சரக்கை இறக்குகிறது. 9-ஆம் தேதி ஜி.ஆர்.என். என்ற சரக்கு வரவுச் சீட்டைப் போடுகிறார்கள். பர்ச்சேஸ் ஆர்டர், ஜி.ஆர்.என்., பில் மூன்றையும் கணினி ஒத்துப்பார்க்க வேண்டும். ஆர்டரில் 184.00 என்று இருப்பது பில்லில் போக்குவரத்துச் செலவைச் சேர்த்து 184.20 என்று வந்திருந்தால், பில்லின் மேல் ‘ஹோல்டு’ விழும். யாரைக் கேட்பது என்று தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்து, 20-ஆம் தேதி பில் பதிவாகிறது. ‘பதிவான நாளிலிருந்து 60 நாள்’ என்பது கம்பெனி விதியானால் ஜூன் 19. பேமென்ட் ரன் மாதத்தில் 7, 22 தேதிகளில் மட்டுமே என்றால் ஜூன் 22. ஆக, சரக்கு இறங்கி 82 நாள். சட்டப்படி மே 16-ஆம் தேதியே பணம் போயிருக்க வேண்டும்.

பில் 10 லட்சம் ரூபாய், வங்கியில் ஓவர்டிராஃப்ட் வட்டி 12 சதவீதம் என்றால், அந்த 82 நாளுக்கு முதலாளி கட்டும் வட்டி ஏறக்குறைய 27,000 ரூபாய். அதில் 12,000 ரூபாய் சட்டக் கெடு முடிந்த பிறகு சேர்ந்தது. போதாக்குறைக்கு ஜி.எஸ்.டி. வேறு. மாதாமாதம் கணக்குத் தருபவர் ஏப்ரல் பில்லுக்கான வரியை மே 20-க்குள் கட்டியாக வேண்டும். 18 சதவீதம் என்றால் 1,80,000 ரூபாய். உங்களிடமிருந்து ஒரு ரூபாய்கூட வராத நிலையில், உங்களுக்காக அவர் அதைக் கட்டுகிறார். அந்த வரிக்கான உள்ளீட்டு வரவை அதே மாதம் உங்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறீர்கள்.

ஏலத்தில் பிழிந்த நான்கு ரூபாய் அறிக்கையில் வருகிறது. இந்த வட்டி எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

தாமதித்தால் தண்டனை இல்லையா? இருக்கிறது. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. அந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. புகார் தர 2017-லிருந்து சமாதான் என்ற இணையதளமும் இருக்கிறது. பின் ஏன் பலரும் புகார் தருவதில்லை? வெண்டர் கோடு போய்விடும் என்ற பயம். ஒரே பெரிய கம்பெனியை நம்பிப் பட்டறை நடத்துபவர், அந்தக் கம்பெனியின் மேலேயே வழக்குப் போட்டுவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு கேட்டுக்குப் போவார்?

இந்தப் பயம் தெரிந்துதான் அரசு வேறு வழியில் வந்தது. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்த (எச்) உட்பிரிவு, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. சட்டக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, பணம் உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். அதற்குப் பலனும் இருந்தது, பக்கவிளைவும் இருந்தது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் கிடைக்காது என்று சிலர் நெருக்குவதாகத் தொழில் வட்டாரத்தில் புகார்கள் எழுந்தன. உங்களில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், அது சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழி என்பது உங்களுக்கே தெரியும்.

ட்ரெட்ஸ் இன்னொரு வழி. ரிசர்வ் வங்கி 2014-இல் வகுத்த நெறிகளின்படி இயங்கும் தளங்கள் இவை, ஆர்.எக்ஸ்.ஐ.எல்., எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகியவை பலருக்கும் தெரிந்த பெயர்கள். சரக்கு வாங்கியவர் சப்ளையரின் பில்லை ‘ஆம், இது என் கடன்’ என்று ஏற்றுக்கொண்டால், வங்கிகள் அந்தப் பில்லுக்குப் போட்டியிட்டு வட்டி கேட்கும். குறைந்த வட்டி கேட்ட வங்கி சப்ளையருக்கு உடனே பணம் தந்துவிடும்; கெடு நாளில் வாங்கியவரிடம் வசூலித்துக்கொள்ளும். பட்டறைக்காரரை இறக்கும் அதே ஏல முறை இங்கே வங்கியை இறக்குகிறது. வட்டியும் வாங்கும் கம்பெனியின் நம்பகத்தை வைத்தே தீர்மானமாகும். ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகள் இதில் பதிவுசெய்ய வேண்டும் என்று 2018-இல் ஆணை வந்தது. 2024 நவம்பரில் அந்த வரம்பு 250 கோடியாகக் குறைந்து, 2025 மார்ச் 31 கெடு வைக்கப்பட்டது. பதிவு செய்வதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டால் பட்டறைக்கு ஒன்றும் கிடைக்காது. நீங்கள் பில்லை ஏற்றுக்கொண்டு ‘ஆம்’ என்ற பட்டனை அழுத்தினால்தான் கதவு திறக்கும்.

உங்களிடம் இம்மடல் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. இருக்கிற மென்பொருளிலேயே, அமைப்பை நிர்வகிப்பவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் மாற்றிவிடக்கூடியவை.

முதலாவது, உத்யம் பதிவு உள்ள குறு, சிறு சப்ளையர்களின் கெடு நாளைக் கேட் என்ட்ரி தேதியிலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள். அந்தத் தேதி உங்கள் திரையிலும் தெரியட்டும், அவர்கள் திரையிலும் தெரியட்டும்.

இரண்டாவது, ஆயிரம் பீஸில் இருபது பீஸ் தகராறு என்றால் இருபது பீஸின் பணத்தை மட்டும் நிறுத்துங்கள். மீதி 980 பீஸ் உங்கள் லைனில் ஏறி, வண்டியோடு வெளியே போயிருக்கும்.

மூன்றாவது, தலைகீழ் ஏலத்தைச் சந்தையில் யாரிடமும் ஒரே மாதிரி கிடைக்கும் பொருட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் இன்ஜினியரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, டை மாற்றி, சாம்பிள் கெட்டு, மறுபடி செய்து ஒருவர் உருவாக்கித் தந்த உதிரிபாகத்தை அடுத்த ஆண்டு ஏலத்துக்கு விடாதீர்கள். அதற்கு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து விலை பேசுங்கள்.

நான்காவது, ‘ஹோல்டு’ விழும்போது அதைத் தீர்க்கக்கூடிய ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதே திரையில் வரட்டும். காரணம் தமிழில் ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது. பான், ஜி.எஸ்.டி., உத்யம், ரத்துசெய்த காசோலை என்று ஒரே காகிதங்களைக் கம்பெனிக்குக் கம்பெனி ஏற்றிக் களைத்துப்போனவர்கள் அவர்கள்.

கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே தயாரிக்கும் அறிக்கை ஒன்று. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரல், அக்டோபர் மாத முடிவுக்குள், எம்.எஸ்.எம்.இ. படிவம்-1 தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2019-லிருந்து விதி. ஆகவே அந்தப் பட்டியலை எடுக்கும் வழி உங்கள் கணினியில் இருக்கிறது. ஆறு மாதம் காத்திருக்காமல், அடுத்த பேமென்ட் ரன்னுக்கு முந்திய நாள் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள பெயர்களை நிதித் துறைக்கு அனுப்பி, அந்த ரன்னிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு பட்டியலின் முதல் பெயருக்கு நீங்களே போன் செய்து, பணம் வந்துவிட்டதா என்று கேளுங்கள்.